முகவீணைக்குப் பழகிய உதடு

தெருக்கூத்தில் முகவீணைக்காரன் கழுத்து நரம்பு புடைக்க ஊதுவதைப் பார்த்து, பாவம், மூச்சு போதவில்லை என்று ஜனங்கள் பரிதாபப்படுவார்கள். தப்பு. அவனுக்கு மூச்சு போதாமல் போவதே இல்லை, மிஞ்சித்தான் போகும். உதட்டில் வைத்து ஊதுகிற சீவாளி, முகவீணைக்குச் சுண்டுவிரல் நகம் அளவுதான். கொறுக்கைப் புல்லில் செய்த அந்தச் சின்ன வாய்க்குள் நுழைகிற காற்று ரொம்பக் கொஞ்சம். நெஞ்சு நிறைய இழுத்த மூச்சில் கால்வாசி செலவாவதற்குள் பாட்டின் அடி முடிந்துவிடும். மீதி உள்ளேயே கிடந்து, சூடாகி, என்னை வெளியே விடு என்று விலா எலும்பை இடிக்கும். புது மூச்சு வேண்டுமானால் முதலில் இந்தப் பழையதை வெளியேற்ற வேண்டும், அதற்குள் அடுத்த அடி வந்துவிடும். நெஞ்சு முழுக்கக் காற்றை வைத்துக்கொண்டே மூச்சு முட்டுகிற தொழில் அது.

நாதஸ்வரத்தை எங்கள் பக்கத்தில் நாயனம் என்றுதான் சொல்வோம். அது முகவீணையைவிட இரண்டு மடங்கு நீளம். அதன் சீவாளி அகலம், துளைகள் எட்ட எட்ட, உதட்டைக் கொஞ்சம் தளர்த்தித்தான் பிடிக்க வேண்டும். கொடுக்கிற காற்றையெல்லாம் வாங்கிக்கொள்ளும், இன்னும் கொடு என்று கேட்கும். நாயனம் ஊதி முடித்தால் பசிக்கும். முகவீணை ஊதி முடித்தால் தலை கிறுகிறுக்கும், சோற்றைப் பார்க்கவே பிடிக்காது.

இரண்டையும் ஊதியவன் நான். எங்கள் வீட்டில் முகவீணை என்பது குழந்தைகள் சமாச்சாரம். பிள்ளை விரல் நாயனத்தின் துளைகளுக்கு எட்டாது, அதனால் முதலில் கையில் அதைக் கொடுப்பார்கள். விரல் வளர்ந்ததும் நாயனம் வரும், முகவீணை டிரங்குப் பெட்டிக்குப் போகும். எனக்கும் அப்படித்தான் நாயனம் வந்தது. ஆனால் எனக்கு முன்பே அண்ணனுக்கு வந்திருந்தது. போளூர்ப் பக்கத்தில் எந்தக் கல்யாணமானாலும் அண்ணன் முதல் நாயனம், நான் இரண்டாவது. அவர் ஒரு பிடியை ஊதி நிறுத்துவார், நான் அதையே வாங்கித் திருப்பி ஊதுவேன். ராகத்தை எங்கே கொண்டுபோவது, எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் பாடு. தாம்பூலத் தட்டு முதலில் அவரிடம் போகும், பிறகு தவில்காரரிடம், அதன் பிறகு வெற்றிலை வாடிப் போன நிலையில் என்னிடம். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் கல்யாண வீட்டுக்காரர்கள் என்னைச் சின்னவரே என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகள் முடிகிற சமயம். அடிவாரத்து ஊர் ஒன்றில், நடுத்தரமான ஒரு கோயிலில், நிரந்தரமாக நாயனம் ஊத ஆள் வேண்டும் என்று தெரிந்தது. அண்ணனுக்குத் தெரியாமல் மனுப் போட்டேன். பதில் வீட்டுக்கு வந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும் என்று பஸ் நிலையத்து டீக்கடை விலாசத்தைக் கொடுத்திருந்தேன். கடிதம் வந்தது. அடுத்து வரும் வெள்ளிக்கு மறு வெள்ளி காலை பத்து மணிக்கு, கோயில் அதிகாரி முன்னிலையில் ஊதிக் காட்ட வேண்டும். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் திரிந்தேன். அது கிடைத்தால் நான் முதல் நாயனம். கிடைக்காவிட்டால் சாகும்வரை சின்னவர்.

சாதகம் பண்ண இடம்தான் இல்லை. வீட்டில் நான் தனியாக ஒரு ராகத்தை எடுத்தால் போதும், அண்ணன் பக்கத்து அறையிலிருந்து "அங்க இன்னாடா புதுசா?" என்பார். அந்த நேரத்தில்தான் கூத்து வாத்தியார் டீக்கடையில் என்னைப் பிடித்தார். தெருக்கூத்து ஜமா ஒன்று வைத்து நடத்துகிறவர், நல்ல மனிதர், கண்ணில் எப்போதும் முந்தின நாள் மை இருக்கும். ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு மலையூரில் அம்மன் திருவிழாவுக்குப் பத்து நாள் கூத்து ஒத்துக்கொண்டிருந்தார்.

"உங்களாலதான் ஆவும். நம்ம முகவீணக்காரருக்கு முன்பல்லு உளுந்துட்டுது. ஊதினா காத்து புஸ்ஸுன்னு போவுது. நாலே நாளு சமாளிச்சுக் குடுங்க. அதுக்குள்ள பல்லு கட்டிக்கினு அவரு வந்துடுவாரு."

"நாலு நாளுதானே?"

"அஞ்சாம் நாளு காலைல நானே பஸ் ஏத்தி உட்றேன்."

வருகிற வெள்ளி தொடங்கி நாலு நாள். செவ்வாய்க்கிழமை கீழே வந்துவிடலாம், மறு வெள்ளிக்கு நிறைய நேரம் இருக்கிறது. அதைவிட முக்கியம், மலைமேல் அண்ணன் காது கிடையாது. கூத்து பொழுது சாய்ந்த பிறகுதான், பகலெல்லாம் நாயனத்தை எடுத்து எனக்கு நானே ராஜாவாக ஊதலாம். அண்ணனிடம் சாமி புறப்பாட்டுக்கு நாயனமும் கேட்கிறார்கள் என்று ஒரு பொய் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "கூத்துல ஊதினா உதடு கெட்டுப்பூடும்டா" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமாவுக்கும் அந்த மலையூர் புதிது. அங்கே அதற்கு முன் யாரும் ஆடியதில்லை, ஊரின் வழக்கம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கி, ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தில் மூட்டையை வைத்தோம். உடனே அம்மன் கோயிலுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கோயில் என்றால் ஓட்டுக் கொட்டகை, உள்ளே மஞ்சள் பூசிய கல். ஊர் முழுவதும் வேட்டி நனையக் குளித்துவிட்டு நின்றிருந்தது. பூசாரி என்னைப் பார்த்து, "முதல்ல ஊதுங்க" என்றார். முகவீணையை எடுத்து நாலு அடி ஊதினேன்.

முடித்ததும் பூசாரி தட்டோடு என் முன்னால் வந்து நின்றார். தட்டில் எலுமிச்சம்பழம், குங்குமம், மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு ஒன்று. ஊர்க் கவுண்டர் பக்கத்தில் நிற்கிறார், வாத்தியார் எனக்குப் பின்னால் நிற்கிறார், தட்டு முதலில் என்னிடம் வருகிறது. என் ஆயுளில் எந்தத் தட்டும் முதலில் என்னிடம் வந்ததில்லை. எங்கள் அடிவாரத்து ஊர்களில் வந்த கலைஞனுக்கு மரியாதையாக மஞ்சள் கயிறு கட்டுகிற வழக்கம் உண்டு, மத்தியானம் அவிழ்த்துத் தூணில் சுற்றிவிட்டுப் போவோம். அதுதான் இது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. அவர் கேட்பதற்கு முன்பே கை தானாக நீண்டுவிட்டது. மூன்று முடிச்சுப் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு அந்தக் குலவை தலைக்கு ஏறியது.

பூசாரி அதன் பிறகுதான் சொன்னார். ரொம்ப மரியாதையாகவே சொன்னார். "காப்புக் கட்டியாச்சுங்க. இனி பத்தாம் நாளு ஞாயித்துக்கிழம அவுக்கிற மட்டும் எல்ல தாண்டக்கூடாது. அம்மனுக்கு மொதல்ல ஊதினவருதான் கடேசி மட்டும் ஊதணும். கெழக்க ஓட, மேக்க புளியந்தோப்பு, பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு இந்தாண்ட மஞ்சக் கல்லு. அதுக்குள்ள எங்க வேணா போங்க."

சட்டைப் பையில் கடிதம் இருந்தது. வெள்ளிக்கிழமை என்பது எட்டாம் நாள். வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து என் பிழைப்பு இப்படி ஆனது. பொழுது சாய்ந்தால் முகவீணை. கூத்தில் ராஜா ஒரு அடி பாடுவார், நான் அதை வாங்கி ஊத வேண்டும். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நான் தொடங்கி, அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். பகலில் ஜமா முழுவதும் பள்ளிக்கூடத்தில் குறட்டை விடும். இதே மலையில் காவலூரில் பெரிய கண்ணாடி வைத்து வானத்தைப் பார்க்கிற படித்தவர்களும் நம்மைப் போலப் பகலில் தூங்குகிறவர்கள்தான் என்று ஆர்மோனியக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டுத் தூங்குவார். நான் மட்டும் நாயனத்தை உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு புளியந்தோப்புக்குப் போவேன். எல்லை அங்கே எங்கே முடிகிறது என்று கேட்டு வைத்திருந்தேன், கடைசி வரிசை மரத்தின் இந்தப் பக்கமே உட்காருவேன். மரத்துக்கு அந்தப் பக்கம் சரிவு, அதன் கீழே பஸ் பாதை. நாளைக்கு இரண்டு நடை ஏறி இறங்குகிற பஸ்ஸின் இரைச்சல் அங்கே நன்றாகக் கேட்கும். அது ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஊதுவதை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பேன்.

முதல் இரண்டு நாள் நாயனம் நன்றாகவே பேசியது. மூன்றாம் நாள் கல்யாணியை எடுத்தால் மேல் ஸ்வரங்கள் ஊசி போலக் கிளம்பின. உதடு தளர மறுத்தது. தளர்த்தினால் காற்று ஒழுகியது, இறுக்கினால் சுருதி ஏறியது. நாயனத்துக்குள் முகவீணை உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. விரலும் அப்படியே. கிட்டக் கிட்ட இருக்கும் துளைகளுக்கு விரல் பழகிவிட்டதால், நாயனத்தின் துளை ஓரத்தில் விரல் உட்கார்ந்து பாதியை மூடி, பாதியை விட்டது.

நான் சாப்பிட்ட வீட்டு அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சமவயதுதான் இருக்கும், நாள் முழுவதும் கொல்லையில் சாமைக்குக் களை எடுத்துவிட்டு வந்து சோறு வடிப்பார். கொள்ளுக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார். "இன்னாங்க, மொத நாளு தோப்புல பெருசாக் கேட்டுது. இன்னிக்குச் சின்னதாயிட்டுதே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காத்து அடிக்கிற பக்கம் மாறிட்டு இருக்கும்" என்றேன்.

"காத்து அப்பிடியேதான் கீது" என்றார் அவர், என் இலையைப் பார்த்தபடி.

ஐந்தாம் நாள், வாத்தியார் சொன்ன சொல் தவறாமல், பல் விழுந்த முகவீணைக்காரர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். புதுப் பல் மற்றப் பற்களைவிட வெள்ளையாகப் பளபளத்தது. "நான் வந்துட்டேன், நீங்க கெளம்புங்க" என்று சிரித்தார். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். பல் உள்ளே போய்விட்டது.

மூன்று பேரும் பூசாரியிடம் போனோம். கயிற்றை அவிழ்த்து இவருக்குக் கட்டிவிடுங்கள், இவர்தான் உண்மையான முகவீணைக்காரர், நான் இரவல் ஆள் என்று சொல்லிப் பார்த்தேன். பூசாரி சாணம் மெழுகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாத்திக் கட்றதுக்கு அது இன்னா மாட்டுக் கயிறாங்க?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து என் இடத்துக்கு உரிய ஆள் எனக்கு எதிரே முதல் வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, நான் ஊதுவதைக் கேட்டார். நன்றாக இருந்த இடத்தில் தலையாட்டவும் செய்தார். அவரைக் கழுத்தை நெரித்துக் கொல்லலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நாயனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மஞ்சள் கல்லுக்குப் போனேன். அங்கே காவல் எதுவும் இல்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத கல். ஒரு தாண்டு தாண்டினால் பஸ் நிற்கும் இடம். சாப்பாடு போடும் அம்மா சினைமாட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். என் வேட்டியைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"போறதுன்னா போங்க" என்றார். "யாரும் கையப் புடிச்சு இஸ்க்க மாட்டாங்க. இதுக்கு இன்னும் நாலு நாளுல கன்னு போடணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்க வூட்டுல உங்களத்தான் நெனப்போம். அவ்ளோதான்." மாட்டின் முதுகைத் தட்டி நடத்திக்கொண்டு போய்விட்டார்.

பஸ் வந்தது. கண்டக்டர் பலகையைத் தட்டி, "போளூர் ஏறுங்க" என்றார். நான் அசையவில்லை. "இன்னாங்க, வர்றீங்களா இல்லியா?" என்று இன்னொரு தடவை கேட்டார். மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, ஓகோ என்று தலையை ஆட்டி விசில் ஊதினார். பஸ் வளைவில் மறையும்வரை நின்றுவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நகத்தால் கிள்ளினால் அறுந்துவிடுகிற நூல் அது. அந்த நூலை, பூசாரியை, கன்று போடாத மாட்டை, வாத்தியாரை, வெள்ளைப் பல்லை, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பத்து மணி ஆகியிருக்கும் என்று வெயிலைப் பார்த்துத் தெரிந்தது. அங்கே வேறு யாரோ ஊதிக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காப்பை அவிழ்த்தார்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கினேன். போளூர் டீக்கடையில் எனக்கு இன்னொரு கடிதம் காத்திருந்தது. அதிகாரிக்கு உடம்பு சரியில்லாததால் வெள்ளிக்கிழமை நடக்க வேண்டியதைத் தள்ளி வைத்திருக்கிறோம், புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரவும்.

டீக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் பக்கத்திலிருந்த பாய்லர் சூடு பட்டு என் முழங்கை கொப்பளித்தது, அதுகூட எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மன் என்னைக் கட்டிப்போட்டு ஏமாற்றவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் உதட்டுக்கு வெண்ணெய் தடவினேன், முகவீணையை டிரங்குப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டினேன்.

புதன்கிழமை. கோயில் மண்டபத்தில் அதிகாரி, ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர், கோயில் தவில்காரர். எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கல்யாணியைத் தொடங்கினேன். முதல் மூச்சில் சுருதி கொஞ்சம் ஏறியது. தளர்த்தினேன். இறங்கியது. அடுத்த பிடியில் நாயனம் வாயைத் திறந்துகொண்டது, பத்து நாளாக நெஞ்சில் தேங்கியிருந்ததெல்லாம் ஒரே வீச்சில் அதற்குள் போயிற்று. மண்டபம் நிறைந்தது. நான் பயந்துகொண்டிருந்த உதடு என்னைக் கைவிடவில்லை.

நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன். இன்னும் நன்றாக வந்தது. நிறுத்தினேன். தவில்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி எடுத்தேன், அழகாக ஒரு பிடி, நிறுத்தினேன்.

அதிகாரி தங்கமான மனிதர், உடம்பு தேறி வந்த சோர்வு முகத்தில் இருந்தது. விசிறியை மடியில் வைத்துவிட்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நல்லாத்தான் ஊதறீங்க. நடுவுல நடுவுல யாருக்காக நிறுத்தறீங்க?"

அவர் கேட்கும்வரை நான் நிறுத்துவதே எனக்குத் தெரியாது. மூச்சுக்காக நிறுத்தவில்லை, மூச்சு நிறைய இருந்தது. ராஜா பாடுவதற்காக நிறுத்தியிருக்கிறேன். அதற்கு முன்னால், பதினைந்து வருஷமாக அண்ணன் ஊதுவதற்காக. எனக்கு முன்னால் யாராவது ஒரு அடி சொல்ல வேண்டும், அதை வாங்கித்தான் எனக்கு ஊதத் தெரியும். "இனிமே நிறுத்தாம ஊதறேங்க" என்று சொல்லிவிட்டு நாயனத்தை உதட்டில் வைத்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. கல்யாணி எனக்கு எதிரே பரந்து கிடந்தது, எந்தப் பக்கம் காலை வைப்பதென்று சொல்ல ஆள் இல்லை. அந்த மண்டபத்தில் நின்றபோது இருந்த பயம், மலைமேல் மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட எனக்கு இல்லை. அதே மூன்று பிடிகளை இன்னொரு தடவை ஊதிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு பிடி ஊதி நிறுத்தினார். நான் வாங்கினேன். எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அண்ணன் பாதிக் கண்ணால் என்னைப் பார்த்து, "உதடு கெடலியே" என்றார். அவர் பாராட்டுவது அபூர்வம்.

மறு வருஷம் ஜமாவை அதே மலையூர் மறுபடி கூப்பிட்டது. வாத்தியார் என்னையும் கூப்பிட்டார், வெள்ளைப் பல்காரர் இருந்தும் ஏன் என்று நான் கேட்கவில்லை. சாப்பாடு போட்ட அம்மா கிடாரிக் கன்று ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார். வாத்தியார் இந்தத் தடவை உஷாராக இருந்தார். தட்டு வருவதைப் பார்த்ததும் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "நீங்க தள்ளி நில்லுங்க, அவரு ஊதிக் கட்டிக்குவாரு" என்றார் காதில். நான் அவர் கையை எடுத்துவிட்டு முன்னால் போய், முகவீணையை உதட்டில் வைத்து நாலு அடி ஊதினேன்.

பூசாரி கயிற்றை எடுத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். போன வருஷம் நான் கெஞ்சியது அவருக்கு நினைவிருந்தது.

"இந்த வருசம் கீழ வேல ஒண்ணியும் இல்லீங்களா?"

"இல்லீங்க" என்று கையை நீட்டினேன்.